ஒன்றைப் பெற ஒன்றை விடுவோம்

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தவுடன் நம்மில் பலர் புதிய கால அட்டவணை ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டுகிறோம். அதிகாலையில் எழுவது, உடற்பயிற்சி செய்வது, நாளிதழ் படிப்பது, நாட்குறிப்பு எழுதுவது, தையல் பழகுவது என்று அது நீண்டுகொண்டே போகும். ஜூலை முடிவதற்குள் சுவரில் அட்டவணை மட்டுமே மிஞ்சுகிறது. “எனக்கு மனவுறுதி போதாது” என்று நாமே நம்மைத் தாழ்த்திக்கொள்கிறோம். மனத்தைக் குறை கூறுமுன் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நாள் ஒன்றுக்கு 24 மணி. வளரும் பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் கூற்று. தூக்கத்திற்கு 9 மணி, பள்ளிக்கும் போய்வருவதற்கும் 8 மணி, வீட்டுப்பாடத்திற்கு 2 மணி, குளியல், உணவு முதலியவற்றிற்கு 2 மணி, வீட்டு வேலைக்கு 1 மணி என்று கொண்டால் 22 மணி ஆகிவிடுகிறது. எஞ்சுவது 2 மணியே. விளையாட்டு, தோழியர் பேச்சு, தொலைக்காட்சி, கைப்பேசி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தண்ணீர் பிடித்து, தம்பி தங்கையரையும் கவனித்துக்கொள்ளும் மாணவிக்கு அந்த 2 மணியும் இல்லை.

ஆகவே, புதிய பழக்கம் ஒன்று உள்ளே வர வேண்டுமானால் பழையது ஏதேனும் ஒன்று வெளியே போக வேண்டும். எது போகலாம் என்பதை நாம் முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், பெரும்பாலும் தூக்கமே பறிபோகும். பகலில் கற்றது நினைவில் பதியத் தூக்கம் இன்றியமையாதது. அதை இழந்து படிப்பது நமக்கு நட்டமே.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் (1706–1790) வாழ்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போஸ்டன் நகரில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகிய காலத்தில் அவருக்குப் படிக்க நேரமும் குறைவு, பணமும் குறைவு. சுமார் 16 வயதில் புலால் உண்பதை விட்டார். தம் சாப்பாட்டிற்கு ஆகும் செலவில் பாதியை மட்டும் அண்ணனிடம் வாங்கி, அதிலும் பாதியை மிச்சம் பிடித்து நூல்கள் வாங்கினார். மற்றவர்கள் சாப்பிட வெளியே சென்ற வேளையில், எளிய உணவை விரைவில் முடித்துக்கொண்டு படித்தார். பள்ளியில் இருமுறை தோற்ற கணக்குப் பாடத்தை அந்நாட்களில்தான் தாமே கற்றுத் தேர்ந்தார். வளரும் பெண்களாகிய நாம் உணவைக் குறைக்கக் கூடாது. ஆனால் எதைப் பெற எதை விடுவது என்று அவர் தெளிந்திருந்ததை நாம் கற்கலாம்.

பிற்காலத்தில் அவர் 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டார். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பற்ற முயலாமல், வாரத்திற்கு ஒன்றிலேயே முழுக் கவனம் செலுத்தினார். “பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்பது நம் பழமொழி அல்லவா? அப்படியும் ‘ஒழுங்கு’ என்ற பண்பு அவருக்குக் கடைசிவரை முழுமையாகக் கைகூடவில்லை. எனினும், முயன்றதனால் தாம் முன்னிலும் நல்லவராகவும் மகிழ்ச்சி உள்ளவராகவும் ஆனதாக முதுமையில் எழுதினார்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் நமக்கு ஆறுதல் தருகிறது. 96 பேர் ஆளுக்கொரு சிறு பழக்கத்தை 12 வாரம் கடைப்பிடித்தனர். பழக்கம் ஊன்றச் சிலருக்கு 18 நாட்களே போதுமாக இருந்தன. சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டனர். நடுத்தரமாக 66 நாட்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. எனவே தோழியைப் பார்த்து நாம் ஏங்க வேண்டுவதில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடர்ந்தால் போதும்.

இப்பருவத்திற்கு ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுப்போம். அதற்காக விடப்போவதையும் அதனருகிலேயே எழுதிவைப்போம். “இரவுச் சாப்பாட்டிற்குப் பின் 15 நிமிடம் ஆங்கில நூல் வாசிப்பேன், அந்த நேரத்தில் கைப்பேசியைத் தொடமாட்டேன்” என்பது போதும். மற்ற ஆசைகள் அடுத்த பருவம் வரை காத்திருக்கட்டும். வீட்டு வேலையில் அண்ணன் தம்பியருக்கும் பெற்றோர் பங்கு அளித்தால், நேரமே இல்லாத மாணவிக்கும் அந்த 15 நிமிடம் கிடைக்கும்.