நாலாயிரம் சொல் கட்டுரையும் அமிர்திச் சாமையும்

அன்புள்ள தம்பிக்கு,

வெளிநாட்டுப் பள்ளியில் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வேண்டுமென்றால் அப்பா நிலத்தை விற்க வேண்டியிருக்குமா என்று கேட்டிருந்தாய். விற்க வேண்டாம். நிலத்தை விற்றுத்தான் சேர முடியும் என்றால் அந்தப் பள்ளியை மறந்துவிடு. குடும்ப நிலையைப் பார்த்து உதவித்தொகை தரும் பள்ளிகளும் இருக்கின்றன.

அவற்றில் ஒரு தொகுதிக்கு யுனைடெட் வேர்ல்ட் காலேஜ் என்று பெயர். காலேஜ் என்றாலும் நம் மேல்நிலைப் பள்ளிக்குச் சமம்தான். பெரும்பாலும் 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் இரண்டு ஆண்டு தங்கிப் படிக்கிறார்கள். முதல் பள்ளி 1962இல் வேல்ஸில், கடலோரக் கோட்டை ஒன்றில் தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் கர்ட் ஹான். ஹிட்லரை எதிர்த்ததால் 1933இல் சிறைப்பட்டு, பிறகு பிரிட்டனுக்குப் போன ஜெர்மானிய யூத ஆசிரியர். போரில் எதிரெதிராக நின்ற நாடுகளின் பிள்ளைகள் கூடிப் படிக்க வேண்டும் என்று விரும்பினார். இன்று இப்படி 18 பள்ளிகள். ஒன்று புணே அருகே 1997 முதல் நடக்கிறது. இந்தியாவிலிருந்து போகிறவர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு உண்டு; விண்ணப்பம், நேர்காணல் பெரும்பாலும் அதன் வழியாகத்தான். முழு உதவித்தொகையும் சிலருக்குக் கிடைக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. இதை முதலிலேயே தெரிந்துகொள்.

அங்கே படிப்பது ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியட்) டிப்ளமா. நம் கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளியில் 1976 முதல் இருப்பதும் இதுதான். ஆறு பாடம், பாடத்துக்கு 7 மதிப்பெண். கூடுதலாக 3 சேர்த்து மொத்தம் 45. தாய்மொழி இலக்கியத்துக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் மாணவரே படித்துத் தேர்வெழுத வழி வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு உண்டா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்.

நீ இங்கிலீஷை நினைத்துத்தான் பயப்படுகிறாய். அது பழக்கத்தில் வந்துவிடும். தினமும் ஒரு பத்தி எழுது, வாய்விட்டுப் படி, பிழைக்குக் கூசாதே. எனக்கு உன்னைப் பற்றி இருக்கும் கவலை வேறு. பாடப்புத்தகத்தின் பின்பக்கக் கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் எழுதியே நாம் பழகிவிட்டோம். அங்கே கேள்வியையே நீதான் உண்டாக்க வேண்டும். டிப்ளமா முடிப்பதற்குள் ஒவ்வொருவரும் 4,000 சொல்லுக்குள் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். தலைப்பு, தரவு, முடிவு எல்லாம் மாணவருடையது. ஆசிரியர் வழிகாட்டுவார், அவ்வளவே.

உன்னால் அது முடியுமா? உன் ஊரான அமிர்தியில் இருந்துகொண்டே இப்போது தொடங்கிப் பார். 'சவ்வாது மலையில் சாமை விவசாயம்' என்று எடுத்தால் உருப்படாது, மலையளவு பெரிது. 'எங்கள் ஊரில் சாமை விதைப்பதை நிறுத்திய குடும்பங்கள் எதனால் நிறுத்தின?' என்று சுருக்கு. இருபது வீட்டுக்குப் போ. உமி நீக்கும் வேலைப்பளுவா, விலையா, மழையா, ரேஷன் அரிசியா என்று கேள். சொன்னதை அப்படியே குறித்துக்கொள். உன் எண்ணத்துக்கு மாறாக யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதே. அங்கேதான் ஆய்வு தொடங்குகிறது. உன் பாட்டியிடமிருந்தே ஆரம்பிக்கலாம். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பலர் இங்கிலீஷில் உன்னை மிஞ்சுவார்கள். சாமைக் கதிரைக் கையால் அறுத்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? நேர்காணலில் இதைச் சொல்லத் தயங்காதே.

ஒரு எச்சரிக்கை. ஐபி டிப்ளமாவை இந்தியாவில் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கிறார்கள். ஆனால் பிறகு டாக்டருக்குப் படிக்க நினைத்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் எடுத்திருக்க வேண்டும். மேயில் எழுதும் தேர்வுக்கு ஜூலையில்தான் முடிவு வரும். நம் ஊர்க் கல்லூரிச் சேர்க்கை அதற்குள் பாதி ஓடியிருக்கும். இதை யோசிக்காமல் பாடம் தேர்ந்தெடுத்துவிட்டுத் தவிக்காதே.

தேர்வுக் குழுவின் அறிவிப்பில் வயது வரம்பையும் கடைசித் தேதியையும் உன் ஹெட்மாஸ்டரோடு உட்கார்ந்து பார். அதற்கு முன் அந்த இருபது வீட்டில் முதல் ஐந்து வீடு சொன்னதை எனக்கு எழுதி அனுப்பு. தமிழிலேயே எழுது, அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்பதை அடுத்த கடிதத்தில் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் இங்கிலீஷ் சார்