நீர்க்கடுப்பு: வலி நின்றால் நோய் நின்றதா?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் குண்டனி நாடு என்று ஒரு பகுதி உண்டு. 'நாடு' என்றதும் பெரிய தேசம் ஒன்றை எண்ணிவிடாதீர்கள். மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் சில சேர்ந்ததே கொல்லிமலையில் ஒரு நாடு ஆகும்.

இத்தகைய மலையூர் ஒன்றிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். காலை எட்டு மணிக்கு அவள் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். பாதி வழி நடை, மீதி வழி பேருந்து. மலைக்குளிரில் தாகம் அதிகம் எடுப்பதில்லை. எடுத்தாலும் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே! அங்கே தண்ணீர் இருக்குமா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்குமா என்ற கவலை அவளுக்கு. மாலை நான்கு மணிக்கு வீடு திரும்பும்வரை, எட்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொள்கிறாள். இப்படிப்பட்ட மாணவிகள் மலையில் மட்டுமா இருக்கிறார்கள்? சென்னையிலும் மதுரையிலும் இருக்கிறார்கள்.

ஒருநாள் சிறுநீர் கழிக்கும்போது சுரீர் என்று எரிகிறது. அடிக்கடி போகவேண்டும் போல் இருக்கிறது. போனால் சொட்டுச் சொட்டாகவே வருகிறது. வெளியில் சொல்ல அவளுக்கு வெட்கம். பாட்டி கண்டுகொண்டு, "சூட்டு உடம்பு, வேறொன்றுமில்லை" என்று மோர் கொடுக்கிறாள். மூன்று நாள் கழித்து மருத்துவரிடம் போகிறார்கள். ஐந்து நாளைக்கு மாத்திரை தருகிறார். இரண்டாம் நாளே எரிச்சல் நின்றுவிடுகிறது. மீதி மாத்திரைகள் அலமாரிக்குப் போகின்றன. மூன்று வாரம் கழித்து அதே எரிச்சல் மீண்டும் வருகிறது.

நோய் ஏன் திரும்பியது? திரும்பாமலிருக்க என்ன செய்யலாம்? இதைத்தான் நாம் இங்கே காணப் போகிறோம்.

சிறுநீர் வரும் வழி

நம் இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் உடலுக்கே திரும்பிவிடுகிறது. ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் மட்டுமே சிறுநீராகிறது. அது இரண்டு மெல்லிய குழாய்கள் வழியே இறங்கிச் சிறுநீர்ப்பையில் சேர்கிறது. பிறகு சிறுநீர்ப் புறவழி என்னும் குழாய் மூலம் வெளியேறுகிறது.

இந்தப் புறவழியின் நீளத்தைக் கவனியுங்கள். ஆண்களுக்கு இது சுமார் 20 செ.மீ.; பெண்களுக்குச் சுமார் 4 செ.மீ. தான். அதன் வாய் மலவாய்க்கு அருகிலும் இருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து ஒரு கிருமி சிறுநீர்ப்பையை அடையப் பெண்களின் உடலில் வழி மிகக் குறுகியது. இந்நோய் பெண்களுக்கு அதிகமாக வருவதற்கு முதற்காரணம் இந்த உடலமைப்பே. ஒழுக்கத்துக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. சளி பிடித்தால் வெட்கப்படுகிறோமா? இதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.

கொக்கி போடும் கிருமி

1885-இல் தியோடர் எஷ்ரிக் என்ற ஜெர்மானியக் குழந்தை மருத்துவர், குழந்தைகளின் மலத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது குச்சி வடிவப் பாக்டீரியா ஒன்றைக் கண்டு விவரித்தார். பிற்காலத்தில் அவர் பெயராலேயே அது எஷ்ரிக்கியா கோலை எனப் பெயர் பெற்றது. சுருக்கமாக ஈ.கோலை என்கிறோம். நம் பெருங்குடலில் இதன் பெரும்பாலான வகைகள் தீங்கின்றி வாழ்கின்றன. ஆனால் இடம் மாறிச் சிறுநீர்ப் பாதைக்குள் நுழைந்தால் நோயை உண்டாக்கும். சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம்.

நுழையும் கிருமியை உடல் எப்படி விரட்டுகிறது? வாய்க்காலில் வேகமாக நீர் விட்டால் குப்பை அடித்துச் செல்லப்படுகிறதல்லவா? அதுபோலவே சிறுநீரின் ஓட்டம் கிருமிகளை அடித்துச் செல்கிறது. ஈ.கோலையும் இலேசான எதிரி அன்று. அதன் உடலைச் சுற்றி நுண்ணிய இழைகள் உண்டு. அவற்றைக் கொக்கிபோல் மாட்டிச் சிறுநீர்ப்பையின் சுவரைப் பற்றிக்கொள்கிறது.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிருமி அரைமணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 16 முறை பிரியும். ஒன்று 65,536 ஆகிவிடும்! மூன்று மணி நேரத்தில் சிறுநீர் கழித்துவிட்டாலோ, ஆறு பிரிவுகளில் 64 தான். அவற்றிலும் பல ஓட்டத்தோடு வெளியேறிவிடும். நம் மாணவி தண்ணீர் குடிக்காமல் ஓட்டத்தைக் குறைத்தாள்; அடக்கிவைத்துக் கிருமிக்கு நேரமும் கொடுத்தாள்.

வலி நிற்பதும் நோய் தீர்வதும்

எரிச்சல் என்பது கிருமிகளால் சிறுநீர்ப்பையின் உட்சுவர் அழற்சி அடைவதன் அறிகுறி. சிறுநீரைச் சோதித்தால் நோய் தெரியவரும். சிறுநீரின் முதல் பகுதியை விட்டுவிட்டு, நடுப்பகுதியைத் தூய பாத்திரத்தில் பிடித்துக் கொடுக்க வேண்டும். 'கல்ச்சர்' என்று ஆய்வகத்தார் சொல்லும் வளர்ப்புச் சோதனையில் அது என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது ஓரிரு நாளில் தெரிந்துவிடும். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் கிருமிகள் என்பது தொற்றைக் கண்டறியும் அளவுகோலாக நெடுங்காலம் வழங்கி வருகிறது. 1950-களில் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் ஆய்வுகளிலிருந்து வந்தது அது.

மருந்து உட்கொண்டதும் கிருமிகளின் கூட்டம் வெகுவாகக் குறைகிறது. அழற்சி தணிகிறது, வலி நிற்கிறது. ஆனால் கொக்கி போட்டுப் பற்றிய சில கிருமிகள் இன்னும் எஞ்சியிருக்கக் கூடும். அந்நேரத்தில் மருந்தை நிறுத்தினால் அவை மீண்டும் பெருகும். ஆகவே மருத்துவர் எத்தனை நாள் சொல்கிறாரோ அத்தனை நாள் உட்கொள்ள வேண்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

மீந்த மாத்திரையை அடுத்த முறைக்கென்று வைத்துக்கொள்வதும், அக்காளுக்கு வந்த மருந்தைத் தங்கைக்குக் கொடுப்பதும் தவறு. முறையின்றி மருந்து உண்ணும்போது அதற்கு அடங்காத கிருமிகளே தங்கிப் பெருகுகின்றன. முன்பு நன்றாக வேலை செய்த மருந்துகள் சில, இன்று இந்தியாவில் பல ஈ.கோலைக் கிருமிகளிடம் பலிப்பதில்லை.

மோரும் இளநீரும் வீணா? வீணல்ல. தண்ணீர் குறைந்து சிறுநீர் அடர்த்தியானாலும் சற்றுக் கடுக்கும். நீர் அருந்தினால் அது தணிந்துவிடும். ஆனால் வேரூன்றிய தொற்றை மோர் தீர்க்காது. கடுப்பு ஒரு நாளைக்கு மேல் நீடித்தாலோ, சிறுநீர் கலங்கியோ இரத்தம் கலந்தோ போனாலோ மருத்துவரைக் காண வேண்டும். குளிர் காய்ச்சல், விலாவின் பின்புறம் வலி, வாந்தி ஆகியவை தோன்றினால் கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம். அப்போது மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திரும்பாமலிருக்க

நோய் இரண்டு வகையில் திரும்பலாம். எஞ்சிய பழைய கிருமி மீண்டும் பெருகலாம். அல்லது புதிய கிருமி பழைய வழியில் நுழையலாம். முதல் வகையை மருந்து தடுக்கும். இரண்டாம் வகையைத் தடுப்பவை நம் பழக்கங்களே.

முதலில் தண்ணீர். பல்கேரியாவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தொற்று அடிக்கடி வரும் 140 பெண்கள் பங்குகொண்டனர். அவர்கள் குறைவாக நீர் அருந்துபவர்கள். ஒரு பாதியினர் நாள்தோறும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தனர். ஓர் ஆண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை நோய் வந்தது. வழக்கம்போல் இருந்த மறுபாதியினருக்கு 3.2 முறை வந்தது. எவ்வளவு எளிய மருந்து, பார்த்தீர்களா? சிறுநீர் வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதிய நீர் குடிக்கிறீர்கள் என்று பொருள்.

இரண்டாவது, அடக்காதிருத்தல். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, அவசரப்படாமல், முழுவதும் கழிக்க வேண்டும். மூன்றாவது, கழுவும் முறை. எப்போதும் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். அப்போது மலவாய்க் கிருமி முன்னே வராது. மாதவிலக்கு நாட்களில் துணியையோ அணையாடையையோ சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. நான்காவது, மலச்சிக்கல் இல்லாதிருத்தல். நிரம்பிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அது முழுதும் காலியாவதில்லை. கீரையும் பழங்களும், கொல்லிமலையில் விளையும் சாமையும் கேழ்வரகும் இதற்கு உதவும்.

இத்தனை செய்தும் அடிக்கடி திரும்பினால், அல்லது ஒரு பையனுக்கு இந்நோய் வந்தால், சிறுநீரகக் கல், நீரிழிவு, அமைப்புக் குறை போன்ற காரணம் உண்டா என மருத்துவர் ஆராய்வார்.

பள்ளியின் பங்கு

நம் மாணவி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள் என்றே வைத்துக்கொள்வோம். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்றால் அவள் என்ன செய்வாள்? மீண்டும் அடக்கத்தான் செய்வாள். ஆகவே வாளியும் குழாயும் தாழ்ப்பாளும் கூட இந்நோய்க்கு மருந்துகளே எனலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிகளில் மாணவர்க்கும் மாணவியர்க்கும் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் இருக்க வேண்டும் என்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் இவ்வசதிகளைச் செய்துதர வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டது. இது நீங்கள் கேட்டுப் பெறும் சலுகை அன்று; உங்கள் உரிமை.

செய்து பாருங்கள்

1. நீங்கள் ஒரு நாளில் எத்தனை குவளை தண்ணீர் குடிக்கிறீர்கள்? ஒரு வாரம் குறித்து வாருங்கள்.

2. கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிந்தால் எட்டு மணி நேரத்தில் ஒன்று எத்தனை ஆகும்? கணக்கிடுங்கள்.

3. உங்கள் பள்ளிக் கழிப்பறைகளில் எத்தனை குழாய்களில் தண்ணீர் வருகிறது, எத்தனை கதவுகளுக்குத் தாழ்ப்பாள் உள்ளது என்று எண்ணி, அறிவியல் ஆசிரியர் வழியாகத் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் எண்ணிப் பாருங்கள்.