பணம் இருந்தும் கைக்கு வராத நாட்கள்

சென்ற அக்டோபர் மாதத்தின் முதல் வாரத்தில் ஒருநாள் காலை, எங்கள் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் கைப்பேசியை என் மேசைமீது வைத்தார். “சார், இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்” என்றார். முதுநிலைப் பொறியியல் பயில ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகருக்குச் சென்று ஒன்பதே நாட்கள் ஆகியிருந்த அவருடைய மகள் அனுப்பிய செய்தி அது. “அப்பா, கணக்கில் பணம் இருக்கிறது. எடுக்கத்தான் முடியவில்லை.”

அந்தப் பணம் எங்கள் கிளை வழியாகச் சென்றதுதான். ஜெர்மனியின் மாணவர் விசாவுக்கு முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்கான சான்று தேவை. பெரும்பாலோர் அதற்காக ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் முடக்கக் கணக்கில் முழுத்தொகையையும் முன்கூட்டியே செலுத்திவிடுகின்றனர். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே விடுவிக்கப்படும். இதைப் பெற்றோர் அறிந்தே இருக்கின்றனர். அந்த முதல் 992 யூரோ என்றைக்குக் கைக்கு வரும் என்பதைத்தான் எவரும் கேட்பதில்லை. பல ஆண்டுகள் அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றிய நானும், அன்றுவரை, கேட்காத எவருக்கும் சொன்னதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தத் தொகை மாணவரின் பெயரில் அங்குள்ள ஒரு சாதாரண வங்கிக் கணக்கிற்குத்தான் மாற்றப்படும். அக்கணக்கைத் தொடங்கப் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்றைக் கேட்கின்றன. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அப்பதிவுக்கு, ‘இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்’ என்று வீட்டுக்காரர் கையொப்பமிட்ட தாள் தேவை. சில நாட்களுக்கென எடுத்த தங்கும் விடுதியிலோ, தோழியின் அறையிலோ இருப்பவருக்கு அந்தத் தாள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே வீடு இல்லாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் பணம் இல்லை. பெரிய நகரங்களில் பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் காத்திருக்க நேர்வதுண்டு. கடவுச்சீட்டை மட்டும் கொண்டு கணக்குத் தொடங்கித் தரும் வங்கிகளும் உள்ளன. ஆனால் அதை நம்பிப் பயணப்படுவது விவேகமன்று.

இந்த இடைவெளியில் செலவுகள் காத்திருப்பதில்லை. வாடகை வீட்டுக்கு வெப்பமூட்டல் முதலிய செலவுகள் நீங்கலான அடிப்படை வாடகையில் மூன்று மாத அளவு வரை முன்பணம் கேட்க அங்குள்ள சட்டம் இடமளிக்கிறது. அடிப்படை வாடகை 300 யூரோ எனில் முன்பணம் 900 வரை போகலாம். முதல் மாத வாடகை, மருத்துவக் காப்பீட்டுத் தவணை, பல்கலைக்கழகத்தின் பருவக் கட்டணம், சாப்பாடு அனைத்தும் அதற்கு மேல். மாதாந்திர 992 யூரோ முறைப்படி வந்தாலும் முதல் மாதத்துக்குப் போதாது. முன்பணத்தை மூன்று சம மாதத் தவணைகளாகச் செலுத்தும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை, தயங்காமல் கேட்கலாம்.

என் கணக்கில், முடக்கக் கணக்குக்கு அப்பால் ஆறு வாரச் செலவுக்கான தொகை, ஏறத்தாழ 2,500 யூரோ, ஃபாரெக்ஸ் கார்டில் இருக்க வேண்டும். ரொக்கமாகச் சில நூறு யூரோ போதும். ஆசிரியரின் மகள் சென்று இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் ஞாயிறு என்பதால் கடைகள் அடைப்பு. அதே வாரத்தில் அக்டோபர் 3, ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், மீண்டும் விடுமுறை. ரயில் நிலையக் கடைகளும், அம்மா கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சலும் காப்பாற்றியிருக்கின்றன. ரூபாய்க் கணக்கின் டெபிட் கார்டை அங்குள்ள ஏடிஎம்மில் பயன்படுத்தும்போது, ‘ரூபாயில் கணக்கிடவா, யூரோவிலா?’ என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் உரிமையாளர் நிர்ணயிப்பார். அது பெரும்பாலும் நமக்கு நட்டமே.

பயணத்துக்கு முன் இங்கேயே முடிக்க வேண்டியவையும் சில உண்டு. இந்தியக் கைப்பேசி எண்ணைக் கைவிட்டுவிட்டால் ஓடிபி வராது. சர்வதேச ரோமிங் வசதியை இங்கேயே பெற்றுவிட வேண்டும். படிக்கச் செல்லும் மாணவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியராகக் கருதப்படுவதால், அவருடைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வரியைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பும் தொகைக்கு டிசிஎஸ் கிடையாது. வங்கிக் கல்விக் கடனிலிருந்து செல்லும் தொகைக்கு எவ்வளவானாலும் அது இல்லை.

அன்று ஆசிரியரின் மகளுக்கு உடனடியாக ஃபாரெக்ஸ் கார்டில் தொகை ஏற்றிக் கொடுத்தோம். நான்கே நாட்களில் அவர் மீண்டும் வந்தார். பூர்த்தி செய்த பணம் அனுப்பும் படிவம் கையில், முகத்தில் மகிழ்ச்சி. “வீடு கிடைத்துவிட்டது சார். வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறாராம். 1,150 யூரோ அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவாராம்.”

படிவத்தில் இருந்த ஐபான் எண்ணைப் பார்த்தேன். ஜெர்மனியின் ஐபான் ‘டிஇ’ என்ற இரு ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும். மொத்தம் 22 இலக்கங்கள். இது வேறொரு நாட்டின் எழுத்துகளுடன் தொடங்கியது. அது மட்டுமே குற்றமாகாது. ஐரோப்பாவில் ஒருவர் எந்த நாட்டிலும் கணக்கு வைத்திருக்கலாம். எனினும் கேட்டேன்: “பாப்பா அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தாளா?” போகவில்லை. புகைப்படங்கள் மட்டுமே. பெறுநரின் கணக்கில் ஒருமுறை வரவு வைக்கப்பட்ட தொகையை அவர் சம்மதமின்றித் திரும்பப் பெறுவது அநேகமாக இயலாத காரியம் என்பதைச் சொல்லி, இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். அவருக்கு என்மீது வருத்தம்தான். இந்த வீடும் போய்விட்டால் மகள் எங்கே போவாள் என்ற கவலை அவருக்கு. நேரில் பார்க்க வேண்டும் என்று மகள் எழுதியதும் அந்த விளம்பரம் காணாமல் போயிற்று.

மாத நடுவில், சேர்க்கைக் கடிதம் வந்த நாளிலேயே விண்ணப்பித்திருந்த மாணவர் விடுதியில் அறை கிடைத்தது. பதிவு முடிந்து, கணக்கும் தொடங்கினாள். ஆனால் ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் தனித்தனி உறைகளில் வர வேண்டும். அட்டை வந்தது, ரகசிய எண் திரும்பிப் போய்விட்டது. அங்கே பெரும்பாலான குடியிருப்புகளில் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. அஞ்சல் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்தே கடிதம் போடுகிறார்கள். அவள் தன் பெயரை எழுதி ஒட்டியிருந்தாள். வங்கிக் கடிதமோ கடவுச்சீட்டின் குடும்பப்பெயருக்கு வந்தது. நம்மில் பலருக்குப் போலவே அவளுக்கும் அந்த இடத்தில் இருப்பது தந்தையின் பெயர்.

அடுத்த வாரம் ஆசிரியர் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். வரிசையாகச் சாம்பல் நிறப் பெட்டிகள். ஒன்றில் மட்டும் கையால் எழுதி ஒட்டிய துண்டுக் காகிதம். “மாக்டெபுர்க்கில் என் பெயரில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது சார்” என்றார். முதல் 992 யூரோ அந்த மாதக் கடைசியில்தான் வந்து சேர்ந்தது.