உப்புக் காற்றும் மஞ்சள் ரோஜாவும்

கேள்வி: ஐயா, நாகப்பட்டினத்தில் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. வாசலில் மஞ்சள் நிறத்தில் புதராகப் பூக்கும் ரோஜா வளர்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. முன்பு வைத்த இரண்டு செடிகளும் கோடையில் இலை கருகிப் போய்விட்டன. கடற்காற்றுதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வயதாகிவிட்டபடியால் ஓயாமல் மருந்தடித்துக் கொண்டிருக்கவும் என்னால் முடியாது. கடற்கரைத் தோட்டத்துக்கு 'ருகோசா' என்ற ஜாதியே சிறந்தது என்று ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் படித்தேன். அது எங்கள் ஊருக்கு ஆகுமா?
- ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: அம்மையீர், கருகிய இலைகளின் தோற்றத்தைத் தாங்கள் விவரித்திருந்தால், குற்றம் கடற்காற்றினுடையதா கிணற்று நீரினுடையதா என்பதை இங்கிருந்தபடியே ஓரளவு நிச்சயமாகச் சொல்லியிருக்கலாம். காற்றில் வரும் உப்புத் திவலையால் நேரும் தீங்கு பெரும்பாலும் செடியின் ஒருபுறத்தில், அதாவது கடலை நோக்கிய பக்கத்தில்தான் காணப்படும். நீரில் கரைந்த உப்பு வேர் வழியே ஏறினாலோ, முதிர்ந்த அடியிலைகள் செடியைச் சுற்றி எங்கும் ஒரே சீராக, நுனியிலும் விளிம்பிலும் நெருப்பு நக்கியதுபோல் தீய்ந்து, அந்தத் தீய்வு நாளடைவில் உள்நோக்கிப் பரவும். தங்கள் செடிகள் கோடையில் மாண்டன என்பதால் என் சந்தேகம் கிணற்றின்மேல்தான் விழுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறி இனிக்கும் கிணறு, சித்திரை வைகாசியில் நீர் இறங்க இறங்கக் கரிக்கத் தொடங்குவதைக் கடற்கரை ஊரில் வாழ்கிறவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கடற்காற்றின்மேல் பழி சுமத்துவதற்கு முன் அதனால் விளையும் ஒரு நன்மையையும் எண்ணிப் பார்ப்பது நியாயம். ரோஜாவின் பரம வைரியான கரும்புள்ளி நோய், இலையின்மேல் ஈரம் பல மணி நேரம் தொடர்ந்து நின்றால்தான் முளைத்துப் பற்றும் ஒரு பூஞ்சணத்தால் வருவது. பிற்பகலில் கடலிலிருந்து தவறாமல் வீசும் காற்று அந்த ஈரத்தை விரைவாக உலர்த்திவிடுவதால், அடைசலான தோட்டத்துச் செடியைக் காட்டிலும் காற்றோட்டமான வாசலில் நிற்கும் செடிக்கு மருந்தின் தேவை குறைவு. கடற்கரை மணலுக்கும் அப்படியொரு குணம் உண்டு. சத்தைத் தேக்கி வைக்காத அந்த மணல் உப்பையும் தேக்கி வைப்பதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை புகுந்து உவர்த்துப்போன தங்கள் மாவட்டத்து நிலங்களில், நீர் வடியும் மணற்பாங்கான இடங்களின் உப்பைப் பின்வந்த மழை கழுவியதும், களிமண் வயல்கள் அவ்வளவு எளிதில் மீளாததும் தாங்கள் அறிந்தவையே.

ருகோசா விஷயத்தில் அந்தப் புத்தகம் சொல்வது பிழையில்லை. ஆனால் அது வேறு சீதோஷ்ணத்துக்குச் சொன்ன உபதேசம். ஜப்பான், கொரியா முதலிய தேசங்களின் கடலோர மணலில் தானாகவே வளரும் அந்த ஜாதி உப்பைத் தாங்குமாயினும், குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி எழும் சுபாவமுடையதாகையால், கார்த்திகையிலும் வியர்க்கும் நமது கரையில் அது செழிக்காது. கனடாவில் உருவான 'ஆக்னஸ்' என்ற மஞ்சள் நிறக் கலப்பினத்துக்கும் இதே குறை உண்டு.

மஞ்சள் நிறத்துக்கு ஒரு பூர்வ சரித்திரமும் இருக்கிறது. பராமரிப்பைக் குறைக்க விரும்புகிறவர் அதைத் தெரிந்துகொள்வது பிரயோஜனமாகும். இன்றைய ரோஜாக்களில் காணும் அழுத்தமான மஞ்சள், பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் பெர்னே-தூஷே என்பவர் 'பாரசீக மஞ்சள்' என்னும் ரோஜாவைக் கலந்து உண்டாக்கி 1900-ல் வெளியிட்ட 'சொலேய் தோர்' வழியாகப் பரவியது; அந்த நிறத்தோடுகூடவே, கரும்புள்ளிக்கு எளிதில் இரையாகும் பலவீனமும் அதன் சந்ததிக்குச் சொத்தாக வந்து சேர்ந்தது. ஆதலால் கண்காட்சி மலரைப் போன்ற பெரிய ஒற்றைப் பூக்களைத் தரும் மஞ்சள் ஜாதிகளை விட்டு, கொத்துக் கொத்தாகப் பூத்துத் தாழ்ந்த புதராக அடரும் 'ஃப்ளோரிபண்டா' வகையை நாடுவதே விவேகம். அவற்றுள் நமது நாற்றுப்பண்ணைகளில் நெடுநாளாகப் புழங்கிவரும் 'கோல்ட் பன்னி' தங்கள் வாசலுக்குப் பொருந்தும். சற்று உயரமும் மங்கலான ஆரஞ்சு கலந்த மஞ்சளும் ஆட்சேபமில்லையென்றால், 1910-ல் வெளிவந்த 'லேடி ஹில்லிங்டன்' என்ற தேநீர் ரோஜாவையும் தேடிப் பார்க்கலாம்; அந்தக் குலத்துச் செடிகள் பனிக்கு அஞ்சுமேயன்றி வெப்பத்துக்கு அஞ்சுவதில்லை. கொடைக்கானலில் இருந்துகொண்டு, நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களான ஜைகான்டியா, கிளினோஃபில்லா ஆகியவற்றின் கலப்பால் உஷ்ணப் பிரதேசங்களுக்கேற்ற ரோஜாக்களை உருவாக்கிவரும் எம். எஸ். வீரராகவன் அவர்களின் முயற்சியும் இந்த நோக்கத்தைக் கொண்டதுதான்.

இனி நடவு. தைமாதத்தில், மழை ஓய்ந்து மண்ணின் உப்பு கழுவப்பட்டிருக்கும் சமயத்தில், ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழி எடுத்து, அந்த மணலோடு சம பங்கு செம்மண்ணும் நன்கு மக்கிய தொழு உரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். காலை வெயில் முழுதும் விழுந்து, பிற்பகலில் ஏதேனும் ஒரு நிழல் படும் இடம் உத்தமம். கடற்பக்கத்தில் மதில் எழுப்புவதைவிடப் பூவரசோ புன்னையோ கொண்டு உயிர்வேலி அமைப்பது மேல். மதிலில் மோதிய காற்று மேலேறிச் சுழன்று செடியின்மேலேயே விழும், இடைவெளியுள்ள வேலியோ காற்றை வடிகட்டி வேகத்தைத் தணித்து அனுப்பும். வேலியின் வேர் ரோஜாவின் உணவைப் பறிக்காதபடி பத்தடியாவது தள்ளி நடுவது அவசியம்.

நீர்தான் இதில் பிரதானம். கிணற்று நீரை மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து அதன் மின்கடத்தும் திறனை அறிந்துகொள்ளுங்கள். அது மீட்டருக்கு 1 டெசிசீமனுக்குள் இருந்தால் கவலையில்லை, 2-ஐத் தாண்டினால் அந்த நீர் ரோஜாவுக்கு ஆகாது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பை, முழுவதையும் நிலத்துக்குள் விட்டுவிடாமல் ஒரு பங்கைத் தொட்டியில் மூடிச் சேமித்தால், ஒன்றிரண்டு செடிகளின் கோடைத் தேவைக்கு அது பெரிதும் உதவும். அன்றாடம் ஒரு செம்பு தெளிப்பது, நீர் ஆவியாகி உப்பு மட்டும் வேரருகே தங்குவதற்கே வழி செய்யும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை குழி நிறைய ஊற்றினால் பழைய உப்பு கீழே இறங்கிவிடும். பாத்தியில் காய்ந்த இலையையோ வைக்கோலையோ மூடாக்காகப் பரப்பி வையுங்கள். தென்னை நார்க்கழிவானால் நல்ல நீரில் பலமுறை அலசிய பிறகே இட வேண்டும், ஏனெனில் உப்பங்கழியில் ஊறிய மட்டையின் கழிவில் உப்பு மிகுந்திருக்கும். மீன் கழுவிய நீரை ரோஜாவுக்கு ஊற்றும் வழக்கம் நல்லதே. கருவாடு ஊறிய நீரை மறந்தும் ஊற்ற வேண்டாம்.

இவ்வளவும் முதலிலேயே செய்து முடித்தால் பின்னர் வேலை சொற்பம். ஆண்டுக்கொருமுறை, மார்கழிக் கடைசியில் மழை நின்றதும், உலர்ந்த கிளைகளை அறவே நீக்கி மற்றவற்றை மூன்றிலொரு பங்கு குறைத்து, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். புயற்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் நல்ல நீரால் இலைகளைக் கழுவுங்கள். உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறுகச் சிறுக இட்டு வாருங்கள். சாம்பல் சத்துக்கு மியூரியேட்டைத் தவிர்த்து சல்ஃபேட் பொட்டாஷையே வாங்குங்கள். கிளிஞ்சல் மணலில் சுண்ணாம்பு மிகுதியால் இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துச் சாயங்காலத்தில் தெளித்தால் குணமாகும். கரும்புள்ளி கண்ட இலை உதிர்ந்தால் கூட்டி அப்புறப்படுத்துவதே முதற் பரிகாரம்; மழைக்காலத்தில் சில இலைகளை இழந்து நிற்கும் புதரைக் கண்டு மனம் கலங்க வேண்டாம், தையில் அது மறுபடியும் துளிர்க்கும்.

கேள்வி: எங்கள் மஞ்சள் ரோஜா காலையில் பொன்னிறமாக விரிந்து, மறுநாளே வெள்ளையாகிவிடுகிறது. உரக் குறைவா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: உரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதழின் மஞ்சளுக்குக் காரணமான கரோட்டினாய்டு என்ற வர்ணப்பொருள் பல ஜாதிகளில் கடுமையான வெயிலிலும் வெப்பத்திலும் சிதைந்துவிடும். மணத்துக்குப் பேர்பெற்ற 'ஆர்தர் பெல்' முதலியவை இவ்வாறு வெளுப்பது அவற்றின் பிறவிக் குணம். நண்பகலுக்குப் பின் நிழல் விழும்படி தொட்டியை நகர்த்தி வைத்தால் ஓரளவு நிதானப்படும். மார்கழி, தை மாதப் பூக்களில் நிறம் தானாகவே ஆழ்ந்திருக்கும். ஜாடிக்கு வேண்டுமானால் மொட்டு பாதி அவிழும்போதே பறித்துவிடுங்கள்.

கேள்வி: மஞ்சள் என்று வாங்கிய செடி, இப்போது இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. நாற்றுக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
- ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: முதலில் மஞ்சளாகப் பூத்திருந்தால் அவர்மேல் தவறில்லை. ஒட்டுச்செடிகளை எட்வர்ட் முதலிய முரட்டு ரோஜாக்களின் வேரில் கண் வைத்து ஒட்டுவது வழக்கம்; அடியிலிருந்து அந்த வேர்ச்செடியின் தளிர் கிளம்பி, மேலேயுள்ள மஞ்சள் கிளையைப் பட்டினி போட்டு அழித்துவிடும். தூரைத் தோண்டி, ஒட்டுக்கணுவுக்குக் கீழேயிருந்து கிளம்பிய தளிர்களைக் கத்தரிக்காமல் பிறந்த இடத்தோடு பிய்த்தெடுங்கள்; கத்தரித்தால் ஒன்றுக்கு நாலாகத் தழைக்கும். கணுவுக்கு மேலே ஒரு கிளையேனும் பச்சையாக இருந்தால் மஞ்சள் மீளும். இல்லையென்றால் புதுச்செடி வாங்கி, ஒட்டுக்கணு மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரியும்படி நட்டு, மாதமொருமுறை அந்த இடத்தைப் பார்த்து வாருங்கள்.