மின்கம்பிப் படமும் அதனை வரையும் மென்பொருளும்

வீடு கட்டுவோர் சுவரையும் கூரையையும் எண்ணிப் பார்க்கும் அளவிற்குச் சுவரினுள் மறைந்தோடும் மின்கம்பியை எண்ணிப் பார்ப்பதில்லை. சாந்து பூசியபின் அக்கம்பி கண்ணுக்குப் புலனாகாது. அது சென்ற வழியை அறிவித்தற்கு எஞ்சி நிற்பது படம் ஒன்றே. அதுவும் இல்லாவிடின், பின்வருவோர் குருடர் யானையைத் தடவியவாறு தடவியே அறிதல் வேண்டும். மின்சாரத்திலே அங்ஙனம் தடவுதல் உயிருக்கே இறுதியாய் முடிதலுங் கூடும். ஆகலின், இப்படங்களைக் குறைந்த செலவில் நேரிய முறையில் வரைதற்கு இன்று கிடைக்கும் மென்பொருள்கள் யாவை, அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வது எங்ஙனம் என்பதனை, மாணவரும் தொழில் புரியும் பழைய மாணவரும் பயன்கொள்ளுமாறு ஈண்டு ஆராய்வாம்.

படம் இன்மையால் வந்த இடர்

யான் நேரிற் கண்ட நிகழ்ச்சியொன்றை முதற்கண் கூறுவேன். பழைய மாடி வீடொன்றிலே, மேன்மாடியிற் புதிய விளக்கொன்று பொருத்துதற்கு மின்தொழிலாளர் ஒருவர் வந்தார். கவனமுள்ளவர். மேன்மாடிச் சுற்றின் உருகியைக் கழற்றினார். மின்னோட்டம் இல்லை என்பதனைச் சோதித்தும் பார்த்தார். பின்னர் ஏணியில் ஏறி, இணைப்புப் பெட்டியைத் திறந்து, தொழிலாளர் நியூட்றல் என வழங்கும் நொதுமற் கம்பிகளைப் பிரித்தார். அக்கணமே தாக்குண்டு கீழே வீழ்ந்தார். உயிர் பிழைத்தது, மணிக்கட்டு முறிந்தது.

காரணம் யாது? படிக்கட்டு விளக்கிற்கு உயிர்க்கம்பி கீழ்மாடிச் சுற்றினின்று வந்தது. கம்பியை மிச்சம் பிடிக்க விரும்பிய எவரோ, அதன் நொதுமற் கம்பியை மேன்மாடிச் சுற்றோடு முடிந்துவிட்டார். அவ்வேளை படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நொதுமற் கம்பி தன் இடத்தோடு தொடுக்கப்பட்டிருந்த வரையில் தீங்கில்லை. பிரித்ததும், விளக்கினூடாக வந்த 230 உவோற்று அம்முனையில் வந்து நின்றது. இக்குற்றத்தைக் 'கடன் வாங்கிய நியூட்றல்' என்பர். சுற்றுப்படம் ஒன்று இருந்திருப்பின், ஒரு விரலால் கோட்டைத் தொடர்ந்து சென்றே இதனைக் கண்டிருக்கலாம்.

படத்தின் வகைகள்

மென்பொருளைத் தேடுமுன், எப்படம் வேண்டும் என்பதனைத் தெளிதல் வேண்டும். மின்படங்களுட் பெரிதும் பயன்படுவன நான்கு. அமைவுப்படம், வீட்டுத் தளப்படத்தின்மீது விளக்கும் ஆளியும் செருகுதுளையும் எவ்விடத்தில் உள்ளன என்று காட்டும். ஒற்றைக்கோட்டுப் படம், மானியிலிருந்து பகிர்வுப் பலகை வழியாகச் சுற்றுக்கள் பிரியும் முறையைச் சுருங்கக் காட்டும். சுற்றுப்படம், மின்னோட்டம் செல்லும் நெறியையும் கருவி தொழிற்படும் முறையையும் விளக்கும். இணைப்புப்படம், எக்கம்பி எந்த முனையிற் சேரும் என்பதனை உரைக்கும். மேற்கூறிய விபத்தைத் தடுக்கவல்லன பின்னிரண்டுமே. பலரிடத்தில் இருப்பதோ முதலாவது மாத்திரம்.

தெரிவிற்குரிய ஐந்து சோதனைகள்

முதலாவது, குறியீடு. அனைத்துலக மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் 60617 ஆம் இலக்க நியமம் கூறும் குறியீடுகள் மென்பொருளில் உளவா? தாமே புனைந்த குறிகளைக் கொண்ட படத்தைப் பிறர் வாசித்தல் அரிது.

இரண்டாவது, கோடு வெறுங்கோடா, கம்பியா? பொது வரைதல் மென்பொருளுக்குக் கோடு மையின் சுவடு போன்றதே. மின்படத்திற்கென அமைந்த மென்பொருளோ அதனைக் கம்பி என அறியும், கருவியை நகர்த்தினால் கம்பியும் உடன் வரும், கம்பிக்கு இலக்கமிடும்.

மூன்றாவது, கோப்பின் ஆயுள். வீடு ஐம்பது ஆண்டு நிற்கும். சந்தா ஓராண்டில் முடியும். சந்தா முடிந்தபின் தன் படத்தைத் தானே திறக்க இயலாதவன், பூட்டிய பெட்டியைத் திறவுகோலின்றிக் காப்பவனை ஒப்பான்.

நான்காவது, உரிமம். தொழிலுக்குப் பயன்படுத்தலாமா, கல்விக்கு மாத்திரமா என்பதனை வாசித்தறிதல் வேண்டும்.

ஐந்தாவது, தமிழ். 'தொடுப்பு' என்னும் சொல்லைப் படத்திலே தட்டெழுதி அச்சிட்டுப் பார்க்க. கொம்பும் காலும் தகரத்தின் இருமருங்கும் முறையாக அமையின் நன்று. இடம் மாறிச் சிதறின், அது நமது பயனுக்கு ஆகாது.

கிடைப்பன யாவை?

1982 இல் வெளிவந்த ஓட்டோகாட் உலகெங்கும் பரந்தது. மின்துறைக்கெனத் தனிக் கருவித்தொகுதியும் உடையது. சிறப்பில் ஐயமில்லை. ஆயின் அதன் ஆண்டுச் சந்தா ஆயிரம் அமெரிக்க டொலரை மிஞ்சும். மாணவர்க்கு இலவசமாகக் கிடைக்கும் பதிப்பைக் கூலிவேலைக்குப் பயன்படுத்த அதன் உரிமம் இடந்தராது. களவாகப் படியெடுத்ததைச் சிலர் கையாளுவர். அஃது அறமுமன்று, அதனோடு வரும் நச்சுநிரல் படங்கள் அனைத்தையும் அழித்தலுங் கூடும்.

விலையில்லாதனவற்றுள் நம் பயனுக்கு மிக அணித்தானது கியூஎலெக்ரோரெக் என்பது. மின்படத்திற்கென்றே ஆக்கப்பட்டது, கட்டற்ற பொது உரிமத்தில் வெளிவருவது, ஆகலின் தொழிலுக்கும் தடையில்லை. விண்டோசு, லினக்சு, மாக் ஆகிய மூன்றிலும் இயங்கும். ஆயிரக்கணக்கான குறியீடுகளைக் கொண்டது. இல்லாதனவற்றை நாமே வரைந்து சேர்க்கலாம். மோட்டரைத் தொடக்கும் பலகையில், கொன்ராக்டரின் சுருள் ஒரு தாளிலும் அதன் தொடுகைகள் பிறிதொரு தாளிலும் இருப்பினும், அவற்றைத் தொடர்புபடுத்திக் காட்டும். அதன் கோப்பு எளிய எழுத்துக் கோப்பாதலின், மென்பொருள் மறைந்தாலும் உள்ளடக்கம் மறையாது.

லிப்ரேகாட், அளவுக்கிணங்கத் தளப்படம் வரைதற்கு ஏற்றது. அமைவுப்படத்திற்கு அது போதும். ஆயின் அதன் கோடு வெறுங்கோடே. ட்ரோ.ஐஓ, பழகுதற்கு மிக எளிது. மின்குறியீடுகளும் அதில் உள. சிறுபடங்களுக்கும் வகுப்பறைக்கும் நன்று. கீகாட், 1992 இல் பிரான்சில் ஒருவர் தொடங்கியது. பின்னர் ஐரோப்பிய அணுவாராய்ச்சி நிலையமாகிய சேர்ணின் துணையால் வளர்ந்தது. மின்னணுப் பலகை வடிவமைப்போர்க்கு அது பெருந்துணை. வீட்டுக் கம்பிக்கு அது வேண்டியதில்லை.

பயிற்சி

மாணவர் இவற்றைப் பெயரால் மதிப்பிடாது, ஒரே படத்தை ஒவ்வொன்றிலும் வரைந்து மதிப்பிடுவாராக. மேற்சொன்ன படிக்கட்டு விளக்கே அதற்குத் தக்கது. இருவழி ஆளி இரண்டு. ஒவ்வொன்றிலும் பொதுமுனை ஒன்று, ஏனைய முனைகள் இரண்டு. ஓராளியின் பொதுமுனைக்கு உயிர்க்கம்பி. மற்றையதன் பொதுமுனையினின்று விளக்கிற்கு ஒரு கம்பி. இடையே ஆளிகளை இணைப்பன இரண்டு. நொதுமற் கம்பி, உயிர்க்கம்பி புறப்பட்ட அதே சுற்றிற்குத் திரும்புதல் வேண்டும். வரைந்தபின் ஓராளியை இடம் மாற்றிப் பாருங்கள். கம்பிகள் உடன் வருமாயின் அம்மென்பொருள் தேறியது.

எச்சரிக்கையொன்றும் உண்டு. மென்பொருள் கை போன்றது; மூளையன்று. 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியை 32 அம்பியர்ச் சுற்றுடைப்பானில் வளையச்சுற்றாகத் தொடுத்தல் பிரித்தானிய விதிக்கு இசைந்தது. அதே கம்பியை, அதே சுற்றுடைப்பானில், செருகுதுளைகளுக்கு ஒற்றைக் கிளையாக ஓடவிடின், மிகை மின்னோட்டத்தால் அது சூடேறும். இவ்விரண்டையும் இம்மென்பொருள்கள் ஒரே அழகோடு வரைந்து தரும். பிழையை உணர்தல் வரைவோன் கடமையாம். கடன் வாங்கிய நியூட்றலையும் அவை தாமாகச் சுட்டிக்காட்டா. உள்ளதை உள்ளவாறு வரைந்தாலன்றி அது வெளிப்படாது.

முடிவு

எனவே, வீட்டுப்பணி புரிவோர் அமைவுப்படத்திற்கு லிப்ரேகாட்டையும், சுற்றுப்படத்திற்கும் இணைப்புப்படத்திற்கும் கியூஎலெக்ரோரெக்கையும் கொள்ளுதல் சாலும். இவற்றிற்குச் செலவு பணமன்று. சில வாரப் பயிற்சியே. வரைந்த படத்தை அச்சிட்டு, ஒரு பிரதியைப் பகிர்வுப் பலகைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுக. மற்றொன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்துக் காணியுறுதியோடு வைக்கச் செய்க. கம்பியை மாற்றும்போதெல்லாம் படத்தையும் மாற்றித் திகதியிடுக. இருபதாண்டின் பின் அவ்வீட்டில் ஏணி வைத்து ஏறுபவர் யாரென நாம் அறியோம். அவர் நலமே இறங்கி வருதல் நாம் இன்று வரையும் கோட்டில் தங்கியுள்ளது.