கராஜில் பீர் காய்ச்சும் தம்பிக்கு



அமெரிக்காவில் வீட்டு பீர் நன்றாக அமைந்துவிட்டால் நண்பர்கள் வாயிலிருந்து முதலில் வருவது, 'இதை விற்கலாமே!' என்பதுதான். சொல்கிறவர்களுக்கு ஒரு செலவும் இல்லை. அதை நம்பி ஒரு கோப்பைக்குக் காசு வாங்கினால், காய்ச்சியவர்தான் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

1933இல் மதுவிலக்கு முடிந்தபோது, வீட்டில் ஒயின் செய்ய வழி பிறந்தது, பீருக்குப் பிறக்கவில்லை. கலிஃபோர்னியா செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் முயன்று, 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகே அந்தக் குறை தீர்ந்தது. வயது வந்தவர் ஒருவரே இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 காலன், வரியில்லாமல் காய்ச்சலாம். அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் இதற்கு வழிவிட்டன. குடும்பத்துக்கு ஊற்றலாம், நண்பர்களுக்குக் கொடுக்கலாம். விற்கக் கூடாது. மேசை மேல் ஒரு டப்பாவை வைத்து 'நன்கொடை' என்று எழுதினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வரி ஏய்ப்பு என்று தீர்ப்பானால் 5,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. காய்ச்சிய பீரும் பாத்திரங்களும் பறிமுதல். (விடுமுறைக்குத் தமிழ்நாடு வரும்போது கைவரிசையைக் காட்ட வேண்டாம். இங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் காய்ச்சுவதே குற்றம்.)

தொழிலில் இறங்குகிறவர்கள் வரியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வீண் பயம். ஆண்டுக்கு 20 லட்சம் பீப்பாய்க்கு மேல் போகாத உள்நாட்டுத் தயாரிப்பாளருக்கு, முதல் 60,000 பீப்பாய் வரை பீப்பாய்க்கு மூன்றரை டாலர்தான் மத்திய வரி. ஒரு பீப்பாய் என்பது 31 காலன், அதாவது 248 பைண்ட். ஒரு பைண்டுக்கு ஒன்றரை சென்ட்கூட வராது. மாநில வரி தனி. மத்திய கருவூலத் துறையின்கீழ் இயங்கும் மது, புகையிலை வரி அமைப்பான டி.டி.பி.யிடம்தான் 'ப்ரூவர்ஸ் நோட்டீஸ்' என்ற விண்ணப்பம் போக வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆண்டு வரி 50,000 டாலருக்குள் இருக்கும் சிறு தயாரிப்பாளர்கள் 2017 முதல் பிணைப் பத்திரமும் கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு எங்கேதான் பிடிக்கிறது? இடத்தில். குடியிருக்கும் வீட்டுக்குள் பீர் ஆலை நடத்த மத்திய விதி அனுமதிப்பதில்லை. அந்த கராஜில் எத்தனை பதக்கம் வாங்கிய பீர் பிறந்திருந்தாலும் சரி, உரிமம் கேட்க வேறு முகவரி வேண்டும். விண்ணப்பத்தோடு இடத்தின் வரைபடம், முதலீட்டுப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம், பங்குதாரர்களின் பின்னணி, கழிவுநீர் எங்கே போகிறது என்ற விவரம் எல்லாம் போக வேண்டும். வரைபடம் கொடுக்க வேண்டுமென்றால் இடம் கையில் இருக்க வேண்டும். இடம் கையில் இருந்தால் வாடகை ஓடும். பதில் வரும்வரை ஒரு பைண்ட்கூட விற்க முடியாது. பல இளைஞர்களின் சேமிப்பு கரைவது இந்த இடைவெளியில்தான். மால்ட், ஹாப்ஸ் வாங்குவதற்கு முன்பே பணம் தீர்ந்துவிடுகிறது.

அதற்கும் மேல் மாநிலச் சட்டம். சாம் கலஜியோன் டெலவேர் மாநிலத்தின் ரெஹோபத் பீச்சில், காய்ச்சும் இடத்திலேயே விற்கும் ப்ரூபப் ஒன்றைத் திறக்கக் கிளம்பினார். அப்போதுதான் அந்த மாநிலத்தில் ப்ரூபப்புக்குச் சட்டமே இடம் தரவில்லை என்று தெரிந்தது. அவர் சட்டமன்றத்துக்கு நடையாக நடந்து, சட்டத்தை மாற்ற வைத்து, 1995இல் 'டாக்ஃபிஷ் ஹெட்'டைத் திறந்தார். ஆரம்பத்தில் அவர் கையில் இருந்தது 12 காலன் பிடிக்கும் ஒரு காய்ச்சும் அமைப்பு. பல வீட்டு கராஜ்களில் இருப்பதைவிட அது பெரிதல்ல. ஆனாலும் அது உரிமம் பெற்ற கட்டடத்தில் இருந்தது, வித்தியாசம் அவ்வளவுதான்.

கட்டடமே வேண்டாம் என்பவருக்கும் வழி உண்டு. ஜிம் கோக் 1985இல் 'சாமுவேல் ஆடம்ஸ்' பீரை பாஸ்டனில் அறிமுகம் செய்தபோது, அதைக் காய்ச்சியது பிட்ஸ்பர்கில் ஏற்கெனவே உரிமத்தோடு இயங்கிய ஆலை. செய்முறை அவருடையது, பாத்திரம் இன்னொருவருடையது. இப்படி ஒப்பந்தத்தில் காய்ச்ச வைத்தால் உற்பத்தி வரி ஆலைக்காரர் பொறுப்பு. காய்ச்ச வைத்தவருக்கு மொத்த வியாபாரத்துக்கான மத்திய அனுமதியும் மாநில அனுமதியும் வேண்டும். கௌரவம் பார்க்கிறவர்கள் இதை மட்டமாகப் பேசுவார்கள். பேசட்டும். 2019இல் டாக்ஃபிஷ் ஹெட்டை விலைக்கு வாங்கியதே கோக்கின் நிறுவனம்தான்.

லேபிள் விஷயம் எளிது. அரசின் உடல்நல எச்சரிக்கை வாசகம் பாட்டில் மேல் கட்டாயம். மாநில எல்லை தாண்டி விற்றால் லேபிளுக்கே டி.டி.பி.யின் ஒப்புதல் வேண்டும். கடைக்காரருக்கு நேரடியாகக் கொடுக்கலாமா, மொத்த வியாபாரி வழியாகத்தான் போக வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதை மட்டும் நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். மாநில மதுக்கட்டுப்பாட்டு அலுவலகத்திலேயே கேளுங்கள்.

இடம் பிடித்திருந்தால், முதலில் நகர மண்டலப் பிரிவு அலுவலகத்தில் போய் அங்கே பீர் ஆலைக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். அடுத்து, உரிமம் கிடைக்காவிட்டால் குத்தகையிலிருந்து விலகலாம் என்ற ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இடத்தின் சொந்தக்காரர் மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.