போக்சோ வழக்கில் குழந்தைக்குத் துணை நிற்போர்: மைசூருப் பணி தரும் பாடங்கள்

பாலியல் வன்முறைக்கு உள்ளான குழந்தை, காவலர், மருத்துவர், நடுவர், வழக்கறிஞர் எனப் புதிய மனிதர் பலரிடம் தனக்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டியிருப்பதால், அந்த வழி நெடுகிலும் மாறாமல் உடன்வரும் ஒருவர் தேவை என்பதை இந்தியச் சட்டம் ஏற்றுள்ளது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் போக்சோ எனப்படுகிறது. அதன் கீழ் 2020 மார்ச்சில் வெளியான விதிகள் இவ்வாறு உடன்வருபவரை ‘ஆதரவு நபர்’ என்று அழைக்கின்றன. இவரை அமர்த்துவது நீதிமன்றமன்று. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் பெற்ற மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவே குழந்தையின் இசைவையும் பெற்றோரின் இசைவையும் பெற்று அமர்த்துகிறது. இத்தகைய துணையின் தேவையைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 18 அன்று வழங்கிய தீர்ப்பில் வலியுறுத்தியது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1977இல் நீதிபதி டேவிட் சூக்கப் தொடங்கிய தன்னார்வலர் முறையில், நியமிக்கப்படுபவர் குழந்தையின் நிலையை ஆராய்ந்து, அதற்கு எது நன்மை என்று நீதிமன்றத்திடமே எடுத்துரைக்கிறார். இந்திய ஆதரவு நபரின் இடம் வேறு. அவர் குழந்தையின் அச்சத்தையும் விருப்பத்தையும் உரியவரிடம் கொண்டுசேர்ப்பவரேயன்றி, வழக்கை நடத்துபவர் அல்லர். மீட்புப் பணியில் அறியப்பட்ட ஒடநாடி போன்ற தொண்டமைப்புகளும் பால மந்திர எனப்படும் அரசுக் காப்பகங்களும் இயங்கும் மைசூருவில், இந்த எல்லையை உணர்ந்து பணியாற்றுவதே முதற்பாடமாக அமைகிறது.

சொல்லைத் தொடாதிருத்தல்

நிகழ்ந்தது என்ன என்று ஆதரவு நபர் குழந்தையைத் துருவிக் கேட்பதில்லை. அன்பினால் கேட்டாலும், ஒவ்வொரு மறுகூறலும் குழந்தையின் காயத்தைக் கிளறுவதோடு, ‘இப்படிச் சொல்லும்படி யார் சொல்லிக்கொடுத்தார்’ என்று குறுக்கு விசாரணையில் எழும் கேள்விக்கு இடமளித்துவிடுகிறது. எனவே நீதிபதி எங்கே அமர்வார், யார் கேள்வி கேட்பார், புரியாதபோது ‘புரியவில்லை’ என்றும், நினைவில்லாதபோது ‘நினைவில்லை’ என்றும் சொல்லலாம் என்பவற்றை மட்டும் விளக்குவதே முறை. குழந்தை தானாகவே புதிதாக ஒன்றைச் சொன்னால், அதை அதன் சொற்களிலேயே குறித்துக்கொண்டு விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். நல்ல தமிழிலோ கன்னடத்திலோ அதைச் செப்பனிடுதல் தகாது.

மொழியைக் கவனித்தல்

கன்னடம், உருது, தமிழ் பேசும் குடும்பங்களோடு, ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தின் ஜேனு குறுபர் போன்ற பழங்குடியினரும் வாழும் மாவட்டத்தில், பள்ளியில் ஒரு மொழியும் வீட்டில் வேறு மொழியும் பேசும் குழந்தை, உடல் உறுப்புகளையும் உறவுகளையும் வீட்டு மொழியிலேயே குறிப்பிடக்கூடும். சட்டத்தின் 38ஆம் பிரிவு மொழிபெயர்ப்பாளரின் உதவிக்கு வழிசெய்திருப்பதால், இத்தேவையைச் சாட்சிய நாளன்று காலையில் அன்றி முன்கூட்டியே அரசு வழக்கறிஞரிடம் தெரிவித்துவிடவேண்டும். ஆதரவு நபரே மொழிபெயர்க்க முன்வருவது, இரு பொறுப்புகளையும் ஒருசேரக் கெடுத்துவிடும்.

நீதிமன்ற நாள்

கேள்விகள் நீதிபதி வழியாகவே குழந்தையிடம் கேட்கப்படவேண்டும், இடையிடையே ஓய்வு தரப்படவேண்டும், குணத்தைப் பழிக்கும் கேள்விகள் கூடா என்று 33ஆம் பிரிவும், சாட்சியத்தின்போது குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரின் கண்ணெதிரே நிறுத்தப்படலாகாது என்று 36ஆம் பிரிவும் கூறுகின்றன. ஆயினும் நீதிமன்ற வாயிலிலோ நடைக்கூடத்திலோ தேநீர்க் கடையிலோ நேரும் சந்திப்பை எந்தப் பிரிவும் தானாகத் தடுத்துவிடாது. வளாகத்தை முன்னரே பார்த்து, எந்த வழியே நுழைவது, எங்கே காத்திருப்பது என்று முடிவு செய்துகொள்வதும், தொலைவிலுள்ள வட்டங்களிலிருந்து விடியலில் புறப்படும் குழந்தை பசியோடு கூண்டேறாமல் பார்த்துக்கொள்வதும் ஆதரவு நபரின் கடமைகளாகின்றன. நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாள்களுக்குள் குழந்தையின் சாட்சியமும், இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையும் முடியவேண்டும் என்பது சட்டத்தின் நோக்கமாயினும், வாய்தா விழும் நாள்களும் வரும் என்பதைக் குழந்தையிடம் முன்பே சொல்லிவைத்தால், அந்த ஏமாற்றத்தைத் தன் குற்றமாக அது எடுத்துக்கொள்ளாது.

குடும்பத்தோடு நிற்றல்

குற்றம் சாட்டப்பட்டவர் உறவினராகவோ வீட்டுக்குப் படியளப்பவராகவோ இருக்கும்போது, சமரசத்துக்கான நெருக்கடி தாயையே முதலில் வந்தடைகிறது. குழந்தை முதல் வாக்குமூலத்திலிருந்து விலகிப் பிறழ்சாட்சியாக மாறுவதற்குப் பொய்யைவிட வறுமையும் அச்சமும் காரணமாவதே மிகுதி. இங்கே அறிவுரையினும் உதவியே பயன்படும். உணவு, உடை, போக்குவரத்து ஆகியவற்றுக்கான சிறப்பு நிவாரணத்தைக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்தில் வழங்கவேண்டும் என்கிறது 8ஆம் விதி. முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கோர 9ஆம் விதி இடமளிக்கிறது. மிரட்டல் வந்தால் அதை மறைக்காமல் அன்றே குழுவுக்கும் காவல் துறைக்கும் தெரிவிக்கவேண்டும்.

இரகசியமும் உறுதிமொழியும்

ஊரார் கவனிக்கும்படி அமைப்பின் பெயர் பொறித்த வண்டியில் வீட்டு வாசலில் சென்று இறங்குவதும், கைப்பேசியில் படமெடுப்பதும் அடையாளத்தை வெளிப்படுத்திவிடும் என்பதால் அறவே தவிர்க்கத்தக்கவை. ‘அவனுக்குத் தண்டனை வாங்கித் தருவோம்’ என்று சொல்வதும் அத்தகையதே, ஏனெனில் தீர்ப்பு ஆதரவு நபரின் கையில் இல்லை. விடுதலைத் தீர்ப்பு வந்தால், உறுதிமொழியை நம்பிய குழந்தை தான் நம்பப்படவில்லை என்றே எண்ணிக்கொள்ளும். ‘நீ சொன்னதைக் கேட்பார்கள், முடிவு நீதிபதியுடையது, எதுவாயினும் நான் வருவேன்’ என்பதற்குமேல் ஆதரவு நபர் எதையும் வாக்களிக்கலாகாது.

பணியின் அளவுகோல்

விசாரணை முடியும்வரை ஆதரவு நபர் குழுவுக்கு மாதந்தோறும் அளிக்கும் அறிக்கையில் வழக்கின் தேதிகளோடு, குழந்தை உறங்குகிறதா, பள்ளிக்குத் திரும்பியதா, மருத்துவமும் மனநல ஆலோசனையும் கிடைக்கின்றனவா என்பவையும் இடம்பெறவேண்டும். வழக்கு வென்றும் குழந்தை படிப்பை இழந்திருந்தால் பணி நிறைவேறியதாகாது. இத்தனை பொறுப்புக்கு விதிகள் உறுதிசெய்யும் ஊதியம், திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாதிருக்கவேண்டும் என்ற அளவே. அதுவும் காலத்தில் கிடைக்கவும், பயிற்சி தொடரவும் அரசு வழிசெய்யாவிடில், ஒருவர் பாதிவழியில் விலகி வேறொருவர் வர, குழந்தை மீண்டும் அந்நியரிடம் பழகவேண்டியதாகும். இவ்விதிகள் தமிழ்நாட்டுக்கும் ஒன்றேயாதலால், வழக்குப் பதிவான நாளிலேயே ஆதரவு நபரைக் கேட்டுப் பெறுவதைப் பெற்றோரும் ஆசிரியரும் தம் கடமையாகக் கொள்ளவேண்டும்.